பறந்தால் சொல்லலாம்

துரைப்பாக்கம் ஸ்டேஷனில் ரைட்டர் நான்.
வாரத்தில் ஆறு நாள்
காணாமல் போனவர்களுக்கு நிறம் எழுதுகிறேன்.
சிவப்பு, மாநிறம், கறுப்பு.
மூன்றுதான் வழக்கம்.
மாநிறத்துக்குள் எத்தனை பேரை
நெருக்கி உட்கார வைத்திருப்பேன்!

ஞாயிறு விடிந்தால் பள்ளிக்கரணை.
ரேடியல் ரோட்டோரம் பைக்கைச் சாய்த்துவிட்டு
வேலிக் கம்பியில் முழங்கை ஊன்றி
பைனாகுலரைத் திருகுகிறேன்.
அந்தப் பக்கம் குப்பைமேடு,
இந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள்,
நடுவில் கணுக்கால் தண்ணீரில்
நாற்பது மூக்கன்கள்
நீள அலகைச் சேற்றில் குத்திக் குத்தி எடுக்கின்றன,
தையல் மெஷின் ஊசி மாதிரி.

சாம்பல் என்று எழுதினேன். அடித்தேன்.
பழுப்பு. அதையும் அடித்தேன்.
மழையில் நனைந்து காய்ந்த
சிமெண்ட் சாக்கின் நிறம்.
இதை விட்டுவைத்தேன்.

கருவால் மூக்கனா, பட்டைவால் மூக்கனா?
பெயரிலேயே விடை இருக்கிறது.
வாலைத்தான் இறக்கை மூடியிருக்கிறது.
பனிக்காலத்தில் இரண்டுக்கும்
ஏறக்குறைய ஒரே சட்டை.
"பறந்தால் சொல்லலாம்" என்கிறார்
பக்கத்தில் நிற்கும் பல் டாக்டர் ரெஜினால்டு.
வாயைத் திறந்தால் சொல்லலாம் என்பது போல.

செவ்வாய்க்கிழமை தணிகாசலம் வந்திருந்தார்.
மகன், பத்தொன்பது வயது, நான்கு நாளாய்.
கடைசியாக என்ன உடை?
"சட்டைங்க."
என்ன நிறம்?
"நான் டிவி பாத்துட்டு இருந்தேன்.
திரும்பினப்போ முதுகுதான் தெரிஞ்சுது."
முதுகில் என்ன நிறம் என்றேன், எரிச்சலாக.

சுவரைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.
வெளுத்துப்போன நீலம்.
பைப் பட்டை மறைத்த இடத்தில் மட்டும்
சாயம் போகாமல் இரண்டு விரல்கடை.
இடது தோளில் தையல் விட்டு
வெள்ளை நூல் ஒன்று தொங்கியது.
காலரில் மஞ்சள் கறை,
மாம்பழமாக இருக்கலாம்.
வலது செருப்பு உள்பக்கம் தேய்ந்தது.

இவ்வளவையும் பார்த்திருக்கிறோம் என்று
அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.
படிவத்தில் இடமில்லை. ஓரத்தில் எழுதினேன்.

சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ வந்தது.

எழுந்தன.
சிமெண்ட் சாக்குகள் கிழிந்து
உள்ளே அத்தனை வெள்ளை!
இறக்கை நீளத்துக்கு ஒரு பட்டை,
வாலடியில் ஒரு சதுரம்,
அதன் முடிவில் மைப்புட்டி கவிழ்ந்த கறுப்பு,
கறுப்பையும் தாண்டி நீட்டிக்கொண்டு கால்கள்.
கருவால். கருவால். கருவால்.
நம்மைவிட்டுப் போகும்போதுதான்
அவ்வளவு தெளிவாக இருக்கின்றன.

பெருங்குடிப் பக்கம் கடைசியாகத் திரும்பிய ஒன்றுக்கு
இறக்கையில் வெள்ளை இல்லை.
வாலில் மெல்லிய வரிகள்.
அல்லது வெயில்.
"இல்லைங்க, அது கடற்கரைப் பறவை, இங்கே வராது"
என்றார் டாக்டர், லென்ஸைத் துடைத்துக்கொண்டு.

முப்பத்தொன்பது என்று எழுதினேன்.
கீழே: ஒன்று.
அதன் பக்கத்தில் கேள்விக்குறி.

ஸ்டேஷன் பதிவேட்டில்
கேள்விக்குறி போடக் கூடாது.