மைக் பிடிப்பவன்

முதோன் கடைத்தெருவில், ரப்பர் ஷீட் குடோனுக்குப் பின்னால்
கோ தெய்னின் வீடியோ கொட்டகை.
ஒரே டிவி, எட்டு பெஞ்சு.
ஜெனரேட்டர் இருமினால் படமும் இருமும்.
இங்கிலீஷ் படமென்றால் மைக் என் கையில்.
எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பாதி மருந்து டப்பாவில் படித்தது,
மீதி நானே சேர்த்தது.
பர்மாவில் கதை சொல்வேன். முன்பெஞ்சில் நம்மாட்கள் இருந்தால்
தமிழில் ஒரு வரி இனாம்.

அந்த வாரம் வந்த கேசட்டுக்கு அட்டை இல்லை.
சண்டைக்குப் போன ஒருத்தன் வீடு திரும்புகிறான்,
அவ்வளவுதான் கதை.
மனைவி கதவைத் திறக்கிறாள்.
அவன் படியிலேயே நிற்கிறான், முதுகில் பையோடு.
சாப்பிடும்போது பை. குளிக்கும்போது பை.
குப்புறப் படுக்கிறான், பை மேலே.
இரவில் பைக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள்.
பிறகு ஒருநாள் சமையலறைத் தரையைப் பெயர்த்துக் குழி வெட்டி
மகளைக் கூப்பிட்டு
உள்ளே உட்காரச் சொல்கிறான், மெதுவாக, அன்பாக.

நான் என்ன செய்வேன்?
பையில் பேய் என்றேன்.
அவன் சுட்ட ஆளின் ஆவி, புதைக்காத ஆவி என்றேன்.
விசில் பறந்தது.

ஆனால் கடைசிவரை அவன் பையைத் திறக்கவேயில்லை.

லைட் போட்டதும் சண்டை.
"பேய் எங்கடா? காசை எடு" என்றான் டயர்கடை லூர்து.
சூரியகாந்தி விதை விற்கும் மா சோ
"முதல் நாளே பொண்டாட்டி அதைப் பிடுங்கி
ஆத்துல எறிஞ்சிருக்கணும்" என்றாள்.
கணக்குப்பிள்ளை மாசிலாமணி, இதில் நீதி எதுவும் இல்லையென்று
மூன்று தடவை சொல்லிவிட்டுப் போய்
மறுநாளும் வந்தார்.
குதிரைலாயத்துப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டேயிருந்தான்,
விடியும்வரை சிரித்தானாம்.
முகாமிலிருந்து கைலி கட்டி வந்த ஒருவர்
குழி வெட்டுகிற இடத்தில் எழுந்து வெளியே போனார்.
நல்ல மழை. குடையை எடுக்கவில்லை.

சவரிராயன் ஒன்றும் சொல்லவில்லை.
சைக்கா ஓட்டுகிறவன்.
ஏழு வருஷம் முன்னால் மீன் வாங்கப் போனவனை
லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சுமை தூக்க.
நான்கு மாதம் கழித்து மலையிலிருந்து நடந்தே வந்தான்.
துப்பாக்கி பிடித்தவன் இல்லையே,
அவனிடம் என்ன கதை இருக்கும் என்று
யாரும் கேட்கவில்லை.
ஊரில் ஒரு கேலி உண்டு:
சவரி ஆள் ஏற்றுவான், மூட்டை ஏற்றமாட்டான்.
அரிசி மூட்டையோடு நிற்கிற பெண்கள் அவனைத் திட்டிவிட்டு
வேறு வண்டி பிடிப்பார்கள்.
நானும் திட்டியிருக்கிறேன், சிமெண்ட் வாங்கிய நாளில்.

ஆறு ஆட்டமும் வந்தான்.
அதே தூண், அதே குன்யா ஒதுங்கிய கன்னம்.
பையின் வாரைக் காட்டும்போதெல்லாம்
அவன் தோள் ஒரு விரற்கடை உயரும், இறங்கும்.
அதைப் பார்த்துப் பார்த்தே
ஐந்தாம் ஆட்டத்தில் எனக்கு வரி தப்பியது.

சனிக்கிழமை, ஏழாம் ஆட்டம்.
அவன் படியில் நிற்கிறான், மனைவி கதவைத் திறக்கிறாள்.
பேயென்று சொல்ல வாயைத் திறந்தேன்,
எச்சில் விழுங்கினேன், மைக்கை அணைத்தேன்.
"என்னப்பா ஆச்சு, சொல்லு" என்று பெஞ்சு தட்டினார்கள்.
"பைக்குள்ள என்னய்யா?"

தூண் பக்கமிருந்து குரல். சத்தமாக இல்லை.
முதலில் பர்மாவில், பிறகு தமிழில்,
நான் சொல்கிற வரிசையிலேயே:
"பைக்குள்ள ஒண்ணுமில்ல.
அவனை இன்னும் யாரும்
இறக்கி வைக்கச் சொல்லல."

லூர்து சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.
மா சோ விதைத் தட்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.
அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த வாரம் ஹாங்காங் சண்டைப் படம். நல்ல கூட்டம்.
சவரிராயன் வரவில்லை,
வாசலில் சவாரிக்கு நின்றான். மூட்டைக்கு இல்லை.
அந்தக் குடை இன்னும் மைக் மேசைக்கு அடியில் கிடக்கிறது.
கறுப்புக் குடை, கைப்பிடியில் செம்புக்கம்பி சுற்றியது.
கேட்டு யாரும் வரவில்லை.
மழைக்காலம் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.