இரண்டு மணிக் கட்டம்

கோயமுத்தூர்க்காரர் ஒட்டிவிட்டுப் போன
ஐந்து விழுமியங்களில்
மூன்றாவது நேற்றே கழன்று விழுந்தது.
கட்டபெட்டு மூடுபனிக்கு எந்தப் பசையும் நிற்காது.
அவரிடம் அதைச் சொல்லியிருக்கலாம்,
டீ மட்டும் கொடுத்தனுப்பினோம்.

"உங்க கம்பெனியோட பண்பாட்டை
ஒரே வரியில சொல்லுங்க, சிவபாக்கியம்"
என்று என்னைத்தான் கேட்டார்.
சல்லடை ஓடுகிற இரைச்சலில்
காதில் விழாதவள்போலச் சிரித்துவைத்தேன்.

இப்போது விடிகாலை ஐந்து.
வெளியே ஜீப்பின் முகப்பெல்லாம் உறைபனி.
உள்ளே
முந்நூற்று நாற்பது கிலோ தூள்
கருகி, தரையில் பரப்பிக் கிடக்கிறது.
கொழுந்து வரத்தே பாதியாகிவிட்ட டிசம்பரில்.

டிரையர் பக்கத்தில் சோம்ரா,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.
ராஞ்சிக்கு அப்பால் ஏதோ ஓர் ஊர்;
வந்து எட்டு மாதம்.
"என் தப்பு அக்கா" என்கிறான்,
நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

மேசைமேல் வெப்ப நோட்டு.
பத்து மணி: 120.
பன்னிரண்டு: 120.
இரண்டு: 118.
நான்கு: 120.
ஆறு: 120.
எல்லாக் கட்டத்திலும் என் கையெழுத்து.

மணி ஐந்துதான் ஆகிறது.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கே
விடியும்வரை நிரப்பிவிட்டுக்
கம்பளியை இழுத்துப் போர்த்தியவள் நான்.
அந்த 118
நிஜம்போலத் தெரியட்டும் என்று போட்டது.
எத்தனை மாதமாய் இப்படி என்று
எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஒரு தாள். கிழித்தால்
சத்தம்கூடக் கேட்காது,
வாட்டுத் தொட்டி விசிறிகள் அப்படி உறுமுகின்றன.
சோம்ராவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.
ஆனால் எண் தெரியும்.
நோட்டைப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்க்காமலிருக்க
சுவரைப் பார்த்தான்.

சுவரில், கொழுந்துத் தராசுக்கு மேலே,
கரும்பலகை.
"தராசு ஒன்பது நாள் பிழை.
மூட்டைக்கு முக்கால் கிலோ குறைத்திருக்கிறது.
பாக்கியை வாங்கிக்கொள்ளவும்.
கவனிக்காமல் விட்டவன் நான். போஜன்."

முதலாளி எழுதி இரண்டு வருடம்.
பாக்கியெல்லாம் எப்போதோ பட்டுவாடா ஆகிவிட்டது.
தினம் காலையில் விலையை அழித்து எழுதுகிறோம்,
துணி மட்டும்
அந்த நான்கு வரியைச் சுற்றிக்கொண்டு போகிறது.
அழிக்காதே என்று
யாரும் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை.
எனக்கு முன்னால் இருந்த கிளார்க்கும் அழிக்கவில்லை,
லீவுக்கு வந்துபோன அவன் மச்சானும் அழிக்கவில்லை.

சுண்ணக்கட்டி விரல்நகம் அளவுக்குத்தான் மிச்சம்.
ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.
முழங்கால் நடுங்கியது, குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
"டிரையர். 340 கிலோ.
பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.
சோம்ரா மேல் தப்பில்லை."
பெயரை எழுதும்போது கட்டி தீர்ந்தது.
'சிவபாக்' வரைதான் வந்தது.

"க்யா லிகா?"
எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன்.
பாதி புரிந்திருக்கும்.

தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டான்.
கொஞ்சநேரம் நின்றான்.
பிறகு, என் கையைப் பிடிக்காத குறையாக,
மெஷின் பக்கம் கூட்டிப்போனான்:

"ரெண்டாவது ரோலர் அக்கா.
ஒரு பல்லு இல்ல.
நாலு நாள் ஆச்சு."