மைனஸ் மூன்றே கால்

போன வருடக் காலண்டரின் ஜூலைத் தாள்.
கூட்டுறவு சங்கத்தின் பெயரை மடித்துவிட்டு
கரும்பலகையில் ஒட்டினேன்.
பனிமலை, ஏரி, ஒரு படகு.
தொண்ணூறடி ரோட்டில் தண்ணி லாரி ஹாரன் அடிக்க
ஏழாம் வகுப்பு நாற்பத்தொரு பேர்
பென்சிலைக் கடித்தார்கள்.

"பார்த்ததை எழுதாதீங்க" என்றேன்.
"பார்த்ததும் வேற எது ஞாபகம் வந்துச்சோ
அதை எழுதுங்க."

போல, அன்ன, ஒப்ப, நிகர:
உவம உருபுகள் அவர்களுக்கு மனப்பாடம்,
சயான், மாதுங்கா, தாதர், பரேல் என்று
ஸ்டேஷன் பெயர் சொல்வது மாதிரி.
ஒன்றிலும் இறங்கியது கிடையாது.

முதல் நாள் முப்பது நோட்டில்
ஏரி கண்ணாடி போல இருந்தது.
மிச்சத்தில் வானம் நீலப் பட்டு.
யார் வீட்டில் பட்டு இருக்கு என்று கேட்டேன்.
சிரித்தார்கள்.

இரண்டாம் வாரம் இசக்கிராஜ்:
"தெர்மாகோல் குடோன் கூரை பிச்சுக்கிட்ட மாதிரி மலை."
மெர்லின்:
"படகு, ஜோடி தொலைச்ச செருப்பு."
சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

அப்புறம் ஜெபஸ்டின்.
கடைசி பெஞ்ச். அப்பாவுக்குத் தோல் பட்டறை.
வாயே திறக்காதவன் எழுதியிருந்தான்:
"மலைக்கு ஓரமே இல்ல.
டீயில முக்கின பாவு உடையப் போற நேரம்.
வானம் எங்க முடியணும்னு
யாரும் அதுகிட்ட சொல்லல."

ஸ்டாஃப் ரூமில் சத்தமாக வாசித்தேன்.
கணக்கு டீச்சர் டிபன் டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார்.
பத்துக்குப் பத்து.

அடுத்தது ராத்திரிச் சந்தைப் படம்.
"ஒவ்வொரு பல்பும் ஒரு சாமந்தி.
ஆளுங்களுக்கு முகம் இன்னும் வரல."
அதற்கும் பத்து.
ஓரத்தில் ஒரு நட்சத்திரம் வேறு வரைந்தேன்.

ஆகஸ்டில் மாநகராட்சிக் கண் முகாம்.
சுவரில் மராத்தி எழுத்து அட்டை.
மூன்றாவது வரியில் ஜெபஸ்டின் நின்றுவிட்டான்.
என்ன தெரிகிறது என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.
"எறும்பு போகுது" என்றான்.

அட, என்று ரசிக்கத் தொடங்கி
பாதியில் நின்றேன்.

இரண்டு கண்ணும்
மைனஸ் மூன்றே கால்.

அன்று ஹார்பர் லைனில், கம்பியைப் பிடித்தபடி,
அவன் நோட்டை மறுபடி படித்தேன்.
எதையும் எதனோடும் அவன் ஒப்பிடவில்லை.
நான் செய்யாதே என்றதைத்தான்
செய்திருந்தான்:
பார்த்ததை எழுதியிருந்தான்.
நட்சத்திரம் போட்டவளுக்கு
ஒரு பையன் கண்ணைச் சுருக்குவது
இரண்டு மாதமாகத் தெரியவில்லை.
வடாலா போய் விட்டது. இறங்க மறந்திருந்தேன்.

கண்ணாடி வந்த திங்கட்கிழமை
அதே ஜூலைத் தாளை ஒட்டினேன்.
மூக்கு இடிக்கிற தூரத்தில் வந்து நின்றான்.
பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய்
அங்கிருந்தும் பார்த்தான்.
யாரோ ஏமாற்றுகிறார்களா என்று
சரிபார்ப்பவனைப் போல.

எழுதியது இவ்வளவு:
"படகுல ரெண்டு பேர். ஒருத்தருக்குத் தொப்பி.
மலைக்குக் கீழ வீடு. ஏழு ஜன்னல், ஒண்ணு திறந்திருக்கு.
மரத்துல இலை இருக்கு.
தனித்தனியா."

உவமைக்கு நான்கு மதிப்பெண்
என்கிறது திருத்தும் குறிப்பு.
ஒரு 'போல' கிடையாது. ஒரு 'அன்ன' கிடையாது.
'தனித்தனியா'வின் மேல் பேனா நின்றது,
மை ஊறிப் பொட்டானது.

மணி அடித்தும் போகாமல் நின்றான்.
"மிஸ், ராத்திரி சிக்னல்ல மட்டும் கழட்டிக்கலாமா?
இதுல சாமந்தி வர மாட்டேங்குது."
கழட்டிக்கோ என்றேன்.
ரோட்டைக் கடக்கும்போது வேண்டாம் என்றேன்.

வகுப்பு காலியான பிறகு
கரும்பலகைக்குக் கிட்டே போனேன்.
ஜூனிலிருந்து
இந்தப் படத்தை ஒட்டுகிறவள் நான்.

எண்ணினேன்.
ஏழு.
ஒன்று திறந்திருந்தது.