முறை

விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
பட்டாளம் ஹவுசிங் போர்டு, ஏ பிளாக் வாசல்.
லாரி பேசின் பிரிட்ஜ் தாண்டிவிட்டதாக
யாருக்கோ போன் வந்து அரை மணி ஆகிறது.

என் குடம் பச்சை. அதை வரிசையில் விட்டு
பக்கத்தில் குந்தி, செல்போன் வெளிச்சத்தில்
பிழை திருத்துகிறேன்.
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
கிரேக்க இளவரசிகள், மூன்றாவது புரூஃப்,
மதியம் ராயப்பேட்டையில் கொடுத்தாக வேண்டும்.

"இன்னா கத அது?" என்றாள் இளவரசி.
அது அவள் பெயர்.
மீன்பாடி வண்டி ஓட்டியவர் ஒருவர்
மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்தபோது வைத்தது.

சொன்னேன்:
ஒரு ராஜாவுக்கு ஐம்பது பெண்கள்.
அவன் உடன்பிறந்தவனுக்கு ஐம்பது பையன்கள்.
கட்டித்தான் ஆகவேண்டும் என்று
கப்பலேறித் துரத்தி வந்தார்கள்.

"இரு இரு. பெரியப்பன் புள்ளைங்களா?
அண்ணன் மொறையாச்சே!"
வரிசையே திரும்பிப் பார்த்தது.
"எங்கள்ல உண்டு," என்றாள் ஜைத்தூன்,
"ஆனா பொண்ண மூணு தரம் கேப்பாங்க."
இவர்களை ஒரு தரமும் கேட்கவில்லை என்றேன்.

அப்பன் கொடுத்த கத்தி.
ஒரே இரவில் நாற்பத்தொன்பது பேர் குத்தினார்கள்.
ஒருத்தி மட்டும் விட்டுவிட்டாள்.
"ஏன்?"
வேண்டாம் என்றாளாம், அவன் தொடவில்லையாம்.
கொஞ்ச நேரம்
டிரான்ஸ்பார்மர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு தண்டனைக்கு வந்தேன்.
செத்தபின், பாதாளத்தில்,
ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும்
காலம் உள்ளவரை.

முதலில் சிரித்தது ஜைத்தூன். அப்புறம் எல்லோரும்.
மேலே விளக்கெரிந்து ஓர் ஆண்குரல் திட்டியது.
"அதுங்க கொன்னுச்சுங்க, சரி," என்றாள் எஸ்தர்,
"நான் யாரக் கொன்னேன்?"
சொல்லிவிட்டு
அந்த ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

லாரி வந்தது.
முறை போயிற்று. முழங்கைகள்தான்.
கதை யார் காலடியிலோ.

இளவரசியின் குடத்துக்கு அடியில் விரிசல்.
இடுப்பிலிருந்து சோப்புத் துண்டொன்றை எடுத்து
எச்சிலில் நனைத்து அப்பி
கட்டைவிரலால் அழுத்தினாள்.
நாலு மாடி. போவதற்குள் ஒரு சொம்பு குறையும்.
"கொறையட்டும்."
பாதாளத்தில் யாரும் சோப்பு கொண்டுபோகவில்லை போலும்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில்
மூச்சு வாங்கக் கேட்டாள்:
"அந்த ஒருத்தி இன்னா ஆனா?"
தண்டனை இல்லை. ராணி ஆனாள்.
குடத்தை இடுப்பு மாற்றினாள்.
"அப்ப, ராணி வூட்டுக்கு
தண்ணி யாரு எடுத்தாந்தாங்க?"

கீழே வந்தபோது என் தாள்கள் நனைந்திருந்தன.
ஐம்பதாவது பெண்ணின் பெயர் கலங்கியிருந்தது.
நீளமான பெயர், மூன்று புரூஃபிலும்
வரி ஓரத்தில் உடைந்தே வந்த பெயர்.
அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அழித்துவிடுவார்கள், தெரியும்.
சிவப்பில் போட்டேன்.