நாலு அங்குலம்

டிசம்பர் ஒன்று. ஷாட் மீனுக்குத் தடை நீங்கிய காலை.
உம்கேனி ஆறு தேநீர் நிறத்தில் வந்து
கடலுக்குள் வெகுதூரம் போய்த்தான் நீலமாகிறது.
கரும்புச் சோகை, ஒற்றைச் செருப்பு,
தாழ்ப்பாள் போட்டபடியே மிதந்து போகும்
யாரோ வீட்டுக் கதவு.

ராத்திரியே வந்து கிடந்த குரல் செய்தி,
தண்டர் பேயிலிருந்து தவநேசன்:
அக்கா, ஏரி உறைஞ்சாச்சு.
(தயிரைப் பற்றிச் சொல்கிற அதே குரல்.)
கரையோரம் மூணு அங்குலம், நடுவில் தெரியலை.
நாலு இருந்தால் ஆள் நிற்கலாம்.
கடையில் உயிர்மீன் தீர்ந்துபோச்சு,
பதினெட்டுக் குஞ்சு கிடைச்சது,
குளியல் தொட்டியில் விட்டிருக்கேன்,
மார்த்தா ரெண்டு நாளாய்ப் பேசலை.

எனக்கு அங்குலம் வேண்டாம்.
விரல் நீளத்தில் துடிப்பாய் ஆறு மடவை வேண்டும்.
செத்த இரையைக் கோப் தொடாது என்றில்லை,
பெரியது தொடாது.

கடையில் இருப்பதெல்லாம் போன ஜூனில் அள்ளிய சார்டின்.
செங்கல் செங்கலாய் உறைந்து கிடக்கிறது.
திருப்புளியால் குத்திப் பிரித்துக் காட்டுகிறார் பூபாலன்.
ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கண்.
மழை விடட்டும், நாலு நாள் பொறு என்கிறார்.
நாலாம் நாள் எனக்கு எக்ஸ்ரே அறையில் வேலை,
அடுத்தவர் விலா எலும்புகளை எண்ணிக்கொண்டு.

வெள்ளத்தில் மடவை எங்கே ஒதுங்கும்?
புளூ லகூனில் கார்களுக்குக் காவல் நிற்கும் ஞ்ஜபுலோ
மோவாயால் பாலத்தைக் காட்டினான்.
விடிந்ததிலிருந்து ஒரு கொக்கு
மூன்றாவது தூணை விட்டு நகரவில்லையாம்.

வீச்சுவலை முதல் வீச்சில் சிப்ஸ் பாக்கெட் கொண்டுவந்தது.
அடுத்ததில் ஒரு நண்டு. அது வலையை விடவே இல்லை.
அதற்கப்புறம் எத்தனை என்று எண்ணவில்லை.
கொக்கு எரிச்சலோடு நாலடி தள்ளி நின்றது.
மாலை ஐந்து மணிக்கு
வலைக்குள் திடீரென்று சில்லறை கொட்டியதுபோல்
ஏழு மடவை.

வாளியில் விட்டுப் பம்பைத் தட்டிவிட்டேன்.
இன்னொரு வீச்சு என்று மறுபடி இறங்கும்போது போன் அடித்தது.
அங்கே காலை பத்து. அவன் ஏரிமேல் நிற்கிறான்.
கேளு என்றான். கடப்பாரையால் தட்டினான்.
டொக்.
பத்தடி நடந்து, டொக்.
இன்னும் பத்தடி.
ஏழாயிரம் மைலுக்கு இப்பால், வலது காதில்,
அந்தச் சத்தத்துக்கு வயிறு முளைத்தது.

நாங்கள் இருவரும் பேசுவது ஆங்கிலம்.
சண்டையும் அதில்தான், சொத்துக் கணக்கும் அதில்தான்.
"திரும்புடா" என்று என் வாயில் வந்தது.
"வந்த வழியே வாடா, வேற பக்கம் கால் வைக்காதே."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு பனி நொறுங்கும் காலடிகள், ஒன்றுக்குப்பின் ஒன்று.
கரையேறியதும் சிரித்தான்:
உன் பக்கம் என்ன இரைச்சல்? நீ எங்கே நிக்கிறே?

குனிந்து பார்த்தேன்.
முழங்காலில் இருந்த தண்ணீர்
இடுப்பைத் தாண்டியிருந்தது. ஏற்றம்.
ஞ்ஜபுலோ கரையிலிருந்து கத்திக்கொண்டிருந்தான்,
எவ்வளவு நேரமாகவோ.

ராத்திரி கல்லணையில் மூன்று மடவை போயின.
ஒன்றைப் பாறை வாங்கிக்கொண்டது,
இரண்டை நண்டு.
நாலாவதை முதுகுத் துடுப்புக்குப் பின்னால்
தோல்மட்டும் பிடிக்கக் கோத்து இறக்கினேன்.
நூல் வழியே அது நீந்துவது விரலில் தெரிகிறது,
அதற்கு முள் இன்னும் தெரியாததுபோல.

அவனிடமிருந்து ஒரு படம்:
குளியல் தொட்டி, பதினேழு குஞ்சு.
ஒண்ணு போயிட்டது, அக்கா.
மார்த்தா அதுக்குப் பேர் வச்சிருந்தாளாம்.

என்ன பேர் என்று ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருக்கும்போது
விரலில் இருந்த மடவை
சட்டென்று நீந்துவதை நிறுத்தியது.
பெரியது பக்கத்தில் வந்தால்
அப்படித்தான் நிறுத்தும்.