அரைக்கை

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி.
கிராட்ஸ் நகரில், டிராம் பணிமனைக்குப் பின்னால்,
ஹீட்டர் உள்ளுக்குள் யாரோ தட்டுவதுபோல் தட்டும் வகுப்பறையில்
கரண்டி ஆண், முள்கரண்டி பெண்,
கத்தி இரண்டும் இல்லை
என்று எழுதிக்கொண்டோம்.

சிறுமியும் இரண்டும் இல்லை.
கரண்டியை உயர்திணையில் உட்காரவைத்துவிட்டு
சிறுமியை அஃறிணையில் நிற்கவைத்திருக்கிறார்கள்.
நான் மட்டும் சிரித்தேன்.

ஆஸ்ரா போஸ்னியாக்காரி.
அவள் மொழியிலும் பொருள்களுக்கு ஆண் பெண் உண்டு,
அதுதான் சிக்கல்.
காலி வீட்டில் குடியேறிவிடலாம்;
அவள் வீட்டில் ஏற்கெனவே ஆள் இருந்தது.
சாவைப் பெண் என்று எழுதினாள்.
லைட்கேப் டீச்சர் சிவப்பு மையால் ஆணாக்கினார்.
"எங்கள் ஊருக்கு வந்தவள் பெண்தான்"
என்று நோட்டை மூடினாள் ஆஸ்ரா.

எமோக்கே என் பக்கத்து நாற்காலி.
ஹங்கேரிய மொழியில் அவனும் அவளும் ஒரே சொல்,
அதுவும் ஒரே எழுத்து:
உதட்டைக் குவித்தால் முடிந்தது.
கணவன், மகள், மாமியார், கடவுள்
எல்லாரையும் அந்த ஒரு குவிப்பில் வைத்து
நாற்பத்தோரு வருஷம் வாழ்ந்தவள்.
ஓட்டல் சலவையறையில் விரிப்பை மடிக்கும்போது
அவன், அவள், அவன், அவள்
மடிப்புக்கு ஒன்று.
வாயைத் திறந்தாலோ
எது வாசலில் நிற்கிறதோ அதுதான் வெளியே வரும்.

பிப்ரவரியில் மர அறுப்பு ஆலையில்
அவள் தம்பி லோரின்ட்ஸுக்கு
இடது கை போயிற்று.
(தம்பி என்று சொல்லவும் இங்கே சொல் இல்லை.
சகோதரன் என்றால் போதுமாம்.
முன்னால் பிறந்தானா பின்னால் பிறந்தானா
யாருக்கும் கவலையில்லை.)

உதவித்தொகை அலுவலகம், நான்காம் மாடி.
தம்பிக்கு ஜெர்மன் தெரியாது,
காலிச் சட்டைக்கையைக் கோட்டுப் பைக்குள் செருகி
குளிரில் வந்தவனைப்போல் உட்கார்ந்திருந்தான்.
எமோக்கே முந்திய இரவு முழுக்கப் பயின்ற வாக்கியத்தைச் சொன்னாள்:
"அவளுக்கு அரைக்கை."

அதிகாரி முதலில் அந்த அவளைத் தேடினார்.
கதவுப் பக்கம் பார்த்தார்.
பிறகு அந்தப் பாதியைத் தேடினார்.
"எந்தப் பாதி? விரல்கள் இருக்கின்றனவா?
பாதி என்றால் சதவீதம் குறையும்."

தமிழில் சொல்லியிருந்தால் நான்
சட்டையைப் பற்றி என்று நினைத்திருப்பேன்.

அவள் மொழியில் இரண்டு கையும் சேர்ந்துதான் ஒரு கை,
இரண்டு கண்ணும் ஒரு கண்.
ஒன்று போனால் மிஞ்சுவது பாதி.
நமக்கும் கண் எரிகிறது என்றால் இரண்டும்தான் எரியும்,
ஆனால் ஒன்று போனதும் ஒற்றை என்போம்,
இருப்பதை எண்ணுவோம்.
அவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"என்ன கேட்கிறார்?" என்றான் தம்பி.
"நீ எத்தனை சதவீதம் என்று."
அவன் சட்டைக்கையைப் பையிலிருந்து உருவி
மேசைமேல் போட்டான்.
அது படிவத்தின் மேல் விழுந்தது.
அதிகாரி அதை நகர்த்தவும் இல்லை,
அதன் கீழ் எழுதவும் இல்லை,
கொஞ்ச நேரம்.

அடுத்த டிசம்பரில்
டிராமுக்குக் காத்திருந்தபோது
தன் சொந்த மொழியிலேயே தம்பியிடம் கேட்டிருக்கிறாள்:
"கைகள் குளிர்கிறதா?"
கைகள்.
ஜெர்மன் பன்மை எப்போது உள்ளே வந்ததோ,
எந்தச் சன்னலைத் திறந்துவைத்திருந்தாளோ.
அவன் அவளையே பார்த்தான்.
"கைகளா? என்னிடம் எத்தனை இருக்கிறது என்று நினைத்தாய்?"
பிறகு சிரித்தான்.
பாலத்துக்கு டிராம் வரும்வரை, ஏறிய பிறகும்,
பயணச்சீட்டை வாயில் கவ்வியபடி
சிரித்தான்.

இதை எங்களிடம் ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னாள்.
லைட்கேப் டீச்சர் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.
கதை முழுக்க
அவனை அவன் என்றே சொன்னாள், ஓரிடத்தில்கூடத் தவறவில்லை.
அப்போது யாரும் கவனிக்கவில்லை.
நானும் வீட்டுக்கு வந்து
ஷூவைக் கழற்றும்போதுதான்.