நான்கு பேட்டரிகள்

தண்ணீர் நேற்று ராத்திரி இறங்கிவிட்டது.
போகிறபோது பள்ளிபாளையத்துச் சுவர்களில்
ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது,
சில வீதியில் இடுப்புக்கு, சில வீதியில் கழுத்துக்கு,
ரசமட்டம் வைத்துப் பிடித்த மாதிரி.
என் கோடுகளை இனிமேல்தான் போட வேண்டும்.

நடுநிலைப்பள்ளி மொட்டைமாடி. காலை ஏழேகால்.
கீழே நாலாம் வகுப்பில் யார் குழந்தையோ அழுகிறது,
உப்புமாவுக்குக் கடுகு வெடிக்கிறது.
டேப்லெட்டில் விரலை வைத்து ஊரை வளைக்கிறேன்:
பாலத்தடி, சாயப்பட்டறை, தறிக்குடோன்கள், சுடுகாட்டு வளைவு.
விரலை எடுத்ததும் செயலி தானாக வரிசை போடுகிறது,
போய்த் திரும்பி, போய்த் திரும்பி.
ஒரு வரிசை பார்த்ததில் முக்கால் பங்கை
அடுத்த வரிசை மறுபடியும் பார்க்கும்,
அப்போதுதான் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்.
ஒரே தடவை பார்த்ததை அது நம்பாது.

நவநீதன் தடைகளைப் படிக்கிறான்.
டவர் ஒன்று, நாற்பத்திரண்டு மீட்டர்.
உயரழுத்தக் கம்பி, ஆற்றுக்குக் குறுக்கே.
பருந்து ஆறு.
வீதியெல்லாம் மீன் செத்துக் கிடக்கிறது, இன்னும் வரும்.
பத்து மணிக்கு மேல் மேகாத்து ஏறிவிடும்.

அறுபது மீட்டரில் பறந்தால்
தொண்ணூற்றிரண்டு நிமிடம் ஆகும்.
இருப்பதோ நான்கு பேட்டரி, தலைக்குப் பதினெட்டு.
ஊரில் கரண்ட் இல்லை.

எதையாவது விட்டாக வேண்டும்.

"கீழ்வரிசையை விட்டுருங்க அம்மணி" என்கிறார்
வி.ஏ.ஓ. சென்னியப்பன். வன்மம் எதுவும் இல்லை,
மூன்று நாளாகத் தூங்காத குரல்.
"ஆத்துப் புறம்போக்கு. சர்வே நம்பர் கெடையாது.
நீங்க படம் புடிச்சாலும்
நான் எந்தக் கட்டத்துல எழுதறதுங்க?"

எல்லையின் தென்கிழக்கு மூலையைப் பிடித்து
உள்ளே ஒரு சுண்டு.
நாற்பது வீடு வெளியே. எழுபத்தோரு நிமிடம்.
கணக்கு சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

எட்டுத் தறி சேற்றில் நிற்கிறது அர்த்தநாரிக்கு.
என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவர்,
"இதென்னுங்க, ஊடை ஓடற மாதிரியே போகுது" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"கரையை விட்டுட்டீங்களே?"

எந்தக் கரையைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.
மூலையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டு
உயரத்தை ஏற்றினேன். எண்பத்தைந்து.
அறுபத்தாறு நிமிடம். ஊர் முழுக்க உள்ளே.

அதற்கு விலை அவர் தலையில்தான். சொல்லித்தானே ஆக வேண்டும்:
"அவ்வளவு மேல இருந்து
கூரை போனது தெரியுமுங்க.
உங்க குடோன் சுவத்துல
விரல் நுழையற வெடிப்புத் தெரியாது.
மத்தியானம் நானே நடந்து வந்து எடுக்கறேன்."
செரி என்றும் சொல்லவில்லை அவர்,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார்.

நாலாவது பேட்டரி பதினோரு சதத்தில் தரை தொட்டது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.
அர்த்தநாரியின் சுவர் இன்னும் பாக்கி.

சாயங்காலம் படங்களை ஒட்டிப் பார்த்தால்
கீழ்வரிசையில் ஒரு பெண் மூன்று இடத்தில் இருக்கிறாள்.
பாவாயி என்று அப்புறம் தெரிந்தது.
தலைமேல் தையல்மிஷின்.
ட்ரோன் ஒரு வரிசை போய்த் திரும்புவதற்குள்
முப்பது அடி சேற்றை அவள் கடந்திருக்கிறாள்,
அடுத்த வரிசைக்குள் இன்னொரு முப்பது.
மூன்றாவது இடத்தில் செயலி குழம்பிப்போய்
ஆளைத் துடைத்துவிட்டிருக்கிறது.
மிஷினும் இல்லை.
நிழல் மட்டும் மேற்கே நீண்டு கிடக்கிறது.

சென்னியப்பன் பட்டியலை விரித்து வைத்திருந்தார்.
"இதுல எத்தன பேருங்க?"
"ஒருத்தி."

எழுதினார்.
கட்டங்களுக்கு வெளியே,
தாளின் ஓரத்தில்,
பென்சிலால்.